கம்ப்யூட்டருக்கும் உண்டு ஒரு கொல்லிமலை!

இயந்திரத்தைச் சோதிக்க எல்லாச் சாவியும் தேவையா?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

சமதரையில் எந்த வண்டியும் ஓடும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே காலி லாரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி முதல் தரம்" என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. பாரம் ஏற்ற வேண்டும். மலை ஏற வேண்டும்.

20-வது வளைவில் ரேடியேட்டர் கொதிக்கிறதா? 40-வது வளைவில் கிளட்ச் வழுக்குகிறதா? இறங்கும்போது பிரேக் பிடிக்கிறதா? அப்போதுதான் வண்டியின் உண்மைக் குணம் தெரியும்.

இது நாமக்கல் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் பெற்றது நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் பேர் பெற்றது திருச்செங்கோடு.

லாரிக்கு உள்ள இதே விதிதான் கம்ப்யூட்டருக்கும்! அதற்கும் பாரம் ஏற்றிப் பார்க்கவேண்டும். அதற்கும் ஒரு கொல்லிமலை உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். லாரியைச் சோதிக்க லாரிச் சாவி போதும். கம்ப்யூட்டரைச் சோதிப்பவர் சில வேளை வீட்டுச் சாவி, பீரோச் சாவி, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கேட்கிறார்.

கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் இந்தக் கதை.

சும்மா இருக்கும் மாடு

ஒரு கம்ப்யூட்டரில் கடிதம் டைப் அடிக்கிறோம். அதற்கு அந்த இயந்திரம் படும் பாடு என்ன? ஒன்றுமே இல்லை. நாம் ஓர் எழுத்தைத் தட்டி, அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் அது ஒரு தூக்கம் போட்டுவிடும்.

கொட்டிலில் கட்டிக் கிடக்கும் மாட்டுக்குக் கால் நொண்டியா என்று தெரியாது. ஏர் பூட்டி நடத்தினால் தெரியும். கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

எனவே விஷயம் தெரிந்தவர்கள் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கு வேண்டுமென்றே கடும் வேலை கொடுக்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி அல்ல. சில வேளை ஒரு முழு இரவு. சில வேளை இரண்டு, மூன்று நாள். இதற்கு "ஸ்டிரெஸ் டெஸ்ட்" என்று பெயர். தமிழில் "பாரச் சோதனை" என்று சொல்லலாம்.

சோதனையில் நான்கு உறுப்புகள் முக்கியம்.

முதலாவது, பிராசசர். இது கம்ப்யூட்டரின் மூளை. இதற்கு ஓயாமல் கணக்குக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, நினைவகம். இதில் எழுதுவார்கள், திரும்பப் படிப்பார்கள். எழுதியதும் படித்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, ஹார்ட் டிஸ்க். நம் கணக்கு வழக்கு, படம், பாட்டு எல்லாம் தங்கும் களஞ்சியம் இது. இதை மூலை முடுக்கு விடாமல் படித்துப் பார்ப்பார்கள்.

நான்காவது, மின்சாரம் கொடுக்கும் பெட்டி. மூளை முழு வேகத்தில் ஓடும்போது இந்தப் பெட்டி தடுமாறுகிறதா என்று கவனிப்பார்கள்.

கொதிக்கும் மூளை

பிராசசர் வேலை செய்தால் சூடேறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு சிறு விசிறி இருக்கிறது. விசிறியில் தூசி அடைந்தால் காற்றுப் போகாது. சூடு உள்ளேயே தங்கும்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொடுவது உண்டு. விசைத்தறி ஓடும் ஊர்களில் பஞ்சுத் தூசி பறக்கும். கோழிப் பண்ணைகளின் பக்கம் தீவனத் தூசி பறக்கும். இந்தத் தூசி எல்லாம் கம்ப்யூட்டர் விசிறிக்கு விருந்து!

பல பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் அருகில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சூடேறினால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். இது தற்காப்பு.

ஆனால் எப்போது நிற்கும்? வேலை அதிகமாக இருக்கும்போதுதானே நிற்கும்! பரீட்சை நேரம், சம்பளப் பட்டியல் போடும் நேரம், விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் - இப்படிப் பார்த்துத்தான் காலை வாரும்.

அதற்கு முன்பே, யாருக்கும் நஷ்டம் இல்லாத ஒரு ராத்திரியில் அதைக் கொதிக்க வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்லவா?

வாய் திறக்காத பிழை

இயந்திரம் நின்று போவது கூட நல்லதுதான். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அது சொல்லிவிடுகிறது. அதைவிடப் பொல்லாத நோய் ஒன்று உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் தப்பான விடை சொல்லும்!

கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடுமா? போட்டிருக்கிறது.

1994-ம் ஆண்டு. அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் எண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விடை எங்கோ உதைத்தது. தன் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. இன்டெல் கம்பெனியின் பென்டியம் பிராசசர்தான் அது!

4195835 என்ற எண்ணை 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என்று விடை வரவேண்டும். அந்தப் பிராசசர் 1.3337 என்றது. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் பழுதான பிராசசர்களை மாற்றிக் கொடுக்கும் செலவுக்கு இன்டெல் கம்பெனி ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்!

அது தயாரிப்புத் திட்டத்திலேயே நேர்ந்த பிழை. தனி ஒரு இயந்திரத்தில் மட்டும் வரும் பிழையும் உண்டு.

கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வைத்து 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நினைவகப் பட்டைகள் 100 இருந்தால், ஓர் ஆண்டில் அவற்றில் 8-க்கு மேற்பட்டவை ஒரு தடவையாவது பிழை செய்கின்றன என்று கண்டார்கள்.

2021-ல் அதே கம்பெனியின் நிபுணர்கள் இன்னொரு ரகசியத்தை வெளியிட்டார்கள். பல ஆயிரம் இயந்திரங்களுக்குள் ஒரு சில பிராசசர்களின் ஒரு பகுதி மட்டும் சத்தம் இல்லாமல் தப்புக் கணக்குப் போடுகிறது!

அவர்கள் சொன்ன ஓர் உதாரணம் விசித்திரமானது. ஒரு பிராசசர் ஒரு செய்தியை ரகசிய எழுத்தாக மாற்றியது. மாற்றும்போது பிழை செய்தது. அதே பிராசசரிடம் கொடுத்துத் திரும்பப் படிக்கச் சொன்னால், அதே பிழையைத் தலைகீழாகச் செய்து சரியாகப் படித்துக் காட்டியது! வேறு இயந்திரத்தில் கொடுத்தால் வெறும் குப்பை.

தான் போட்ட கள்ளக் கணக்கைத் தானே சரி பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்ட கணக்கப்பிள்ளையின் கதைதான் இது.

எனவேதான் பாரச் சோதனை செய்கிறவர்கள் இயந்திரம் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, விடை சரியா என்றும் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வந்த லினக்ஸ்

கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் கட்டி மேய்ப்பதற்கு ஓர் அடிப்படை நிர்வாகி வேண்டும். விண்டோஸ் அப்படி ஒன்று. லினக்ஸ் இன்னொன்று.

1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்சை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. தான் எழுதியதை அவர் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார். இன்று ஆண்டிராய்டு செல்போன் ஒவ்வொன்றின் உள்ளேயும் லினக்ஸ் இருக்கிறது.

இந்தியாவில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்சைக் கொண்டு "பாஸ்" என்ற தொகுப்பை உருவாக்கியது. இந்த வேலை சென்னையில் நடந்தது. 2007-ல் அது வெளியாயிற்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்த முடியும்.

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடக்க விழா நடந்தது. அரசின் எல்காட் நிறுவனம் கணினிகளை வாங்கிக் கொடுத்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசும் இருந்தது. பாஸ் லினக்சும் இருந்தது.

இப்படியாக, கம்ப்யூட்டர் பார்த்தே இராத வீடுகளுக்குக் கூட லினக்ஸ் வந்து சேர்ந்தது. சேலம், நாமக்கல் கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

வேர் என்றால் என்ன?

லினக்சில் எல்லோரும் சமம் அல்ல. பெரிய வீட்டில் போல அங்கேயும் ஓர் ஒழுங்கு உண்டு.

சாதாரண ஆள் தன் அறைக்குள் என்னவும் செய்யலாம். அடுத்தவர் அறைக்குள் நுழைய முடியாது. வீட்டின் மின்சாரப் பலகையைத் தொட முடியாது.

ஆனால் ஒரே ஒருவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். அவர் பெயர் "ரூட்". தமிழில் "வேர்". மரத்துக்கு வேர் எப்படியோ அப்படி. ரூட் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம். "அழிக்கவா?" என்று அவரைப் பல வேளை இயந்திரம் கேட்கக்கூட மாட்டாது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற நிர்வாகியிடம் இருந்து இந்த வழக்கம் லினக்சுக்கு வந்தது.

பாரச் சோதனைக்கு ரூட்டின் அதிகாரம் ஏன் தேவைப்படுகிறது?

கணக்குப் போடச் சொல்ல ரூட் வேண்டாம். சாதாரண ஆளே போதும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிடம் போய், "உன் உடம்பு எப்படி இருக்கிறது? கெட்டுப் போன இடம் எத்தனை?" என்று நேரடியாக விசாரிக்க ரூட் வேண்டும்.

நினைவகத்தில் ஒரு பெரிய பகுதியைப் பிடித்து, "இதை வேறு யாரும் தொடக் கூடாது, நான் சோதிக்கிறேன்" என்று பூட்டி வைக்க ரூட் வேண்டும்.

பிராசசர் தன் பிழைகளை எழுதி வைக்கும் உள்ளேட்டைப் படிக்க, பல லினக்ஸ் தொகுப்புகளில் ரூட் வேண்டும்.

டாக்டரிடம் போனவர் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றச் சொல்பவர் டாக்டர்தானா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

நடுராத்திரியில் யார் பாஸ்வேர்டு போடுவது?

ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 20 கம்ப்யூட்டர்கள். பகலில் பிள்ளைகள் படிக்கிறார்கள். சோதனையை ராத்திரிதான் செய்ய முடியும்.

ஒவ்வொரு இயந்திரமாகப் போய்க் கட்டளை தட்டினால் கை வலிக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. கட்டளைகளை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். இதற்கு "ஸ்கிரிப்ட்" என்று பெயர். அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட விடலாம். "கிரான்" என்ற வேலையாள் 1970-களில் இருந்து இதைச் செய்து வருகிறான். "ராத்திரி 2 மணிக்கு ஓட்டு" என்று சொல்லி வைத்தால் போதும். மறக்க மாட்டான், தூங்க மாட்டான்.

ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஒரு சங்கடம் வரும்.

சீட்டின் நடுவில் ரூட் அதிகாரம் தேவைப்படும் ஒரு வரி வருகிறது. இயந்திரம் கேட்கிறது: "பாஸ்வேர்டு என்ன?" பதில் சொல்ல ஆள் இல்லை. சோதனை அப்படியே முடங்குகிறது.

காலையில் வந்து பார்க்கிறார் ஆசிரியர். எரிச்சலாக இருக்கிறது. "இந்தத் தொல்லையை ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறேன்" என்று கிளம்புகிறார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்!

நான்கு தப்பு வழிகள்

முதல் தப்பு வழி: பாஸ்வேர்டைச் சீட்டிலேயே எழுதி வைப்பது. பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை அதே கதவில் மாட்டி வைப்பது போன்றது இது. சீட்டைப் படிக்கும் ஒவ்வொருவர் கையிலும் சாவி போய்ச் சேரும். சீட்டைப் பிரதி எடுத்தால் சாவியும் கூடவே போகும்.

இரண்டாவது தப்பு வழி: சோதனை முழுவதையும் ரூட்டாகவே ஓட்டுவது. பாரம் ஏற்றுவதற்கு "ஸ்டிரெஸ்-என்ஜி" என்று ஒரு பிரபலமான புரோகிராம் உண்டு. காலின் இயன் கிங் என்பவர் எழுதியது. அதை ரூட்டாக ஓட்டினால் ஒரு விபரீதம் நடக்கும். நினைவகத்தில் இடம் தட்டுப்பட்டால் லினக்ஸ் ஏதாவது ஒரு வேலையை நிறுத்தி இடம் பிடிக்கும். ஆனால் ரூட்டாக ஓடும் ஸ்டிரெஸ்-என்ஜி, "என் மேல் கை வைக்காதே" என்று தனக்குக் காப்புக் கட்டிக்கொள்ளும். அப்புறம் பலியாவது யார்? பக்கத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும் வேறு வேலைதான்! எனவே ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

மூன்றாவது தப்பு வழி: ஒரு சாதாரண ஆளுக்கு, "நீ எதைச் செய்தாலும் பாஸ்வேர்டு கேட்க மாட்டேன்" என்று சலுகை கொடுத்துவிடுவது. இது சுலபம். ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியால் அவர் ரூட்டுக்குச் சமம் ஆகிவிடுகிறார். அவர் பெயரில் யார் உட்கார்ந்தாலும் அந்த அதிகாரம் அவருக்கும் கிடைக்கும். விளையாட்டுப் பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் இது தகுமா?

நான்காவது தப்பு வழிதான் மகா மோசம். ஏனென்றால் பார்க்க நல்ல வழி போலவே இருக்கும்!

"எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை. இந்த ஒரு சீட்டுக்கு மட்டும்தான் அனுமதி" என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது? சாதாரண ஆளின் அறையில்! அவர் அதைத் திருத்த முடியும். சோதனை வரியை அழித்துவிட்டு வேறு எதை எழுதினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும்.

தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை போல ஆயிற்று!

ஒரு கதவுக்கு ஒரு சாவி

நல்ல வழி இல்லையா? இருக்கிறது.

1980-ம் ஆண்டு வாக்கில், நியூயார்க் மாநிலத்தின் பபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பாப் காகஷெல், கிளிப் ஸ்பென்சர் என்ற இருவர் ஒரு சிறு புரோகிராம் எழுதினார்கள். அதன் பெயர் "சூடூ". நம் காதில் "சூடு" என்றே விழும்!

முழுச் சாவிக்கொத்தையும் கொடுக்காமல், இன்ன ஆளுக்கு இன்ன வேலை மட்டும் என்று அளந்து கொடுப்பதுதான் சூடூவின் தொழில். யார், எப்போது, எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பதையும் அது எழுதி வைக்கும்.

முதல் தடவை அதைப் பயன்படுத்துகிறவருக்குப் புத்திமதியும் சொல்கிறது. பிறருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும். தட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அதிகாரம் பெரிதானால் பொறுப்பும் பெரிது என்பதே அதன் சாரம்.

பள்ளிக்கூட ஆசிரியர் செய்ய வேண்டியது இதுதான்:

1. வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாரம் ஏற்றும் வேலை சாதாரண ஆளின் பெயரில் ஓடட்டும். உள்ளேட்டைப் படிப்பது, டிஸ்க்கை விசாரிப்பது ஆகிய சில வரிகள் மட்டும் ரூட்டின் பெயரில் ஓடட்டும்.

2. அந்தச் சில வரிகளைத் தனிச் சீட்டாக எழுத வேண்டும். சீட்டு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அது வைக்கப்பட்டிருக்கும் இடமும் ரூட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் திருத்த முடியக் கூடாது.

3. அந்த ஒரு சீட்டுக்கு மட்டும், அதன் முழு விலாசத்தோடு, பாஸ்வேர்டு இல்லாமல் அனுமதி எழுத வேண்டும். கட்டளைக்குப் பின்னால் வேறு வார்த்தை சேர்க்க இடம் தரக் கூடாது.

4. அனுமதி ஏட்டைச் சாதாரணமாகத் திறந்து எழுதக் கூடாது. அதற்கென்றே "விசூடூ" என்று ஒரு கருவி இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் அது சேமிக்கும் முன்பே எச்சரிக்கும். இல்லாவிட்டால், ஓர் எழுத்து தவறினாலும் அனுமதி ஏடே செல்லாமல் போய், வீட்டுக்காரரே வெளியே நிற்கும்படி ஆகலாம்!

5. இதைவிட எளிய வழியும் உண்டு. ரூட்டின் சொந்தக் கால அட்டவணையிலேயே அந்தச் சிறு சீட்டைச் சேர்த்துவிடலாம். அப்போது யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் 2-வது விதி இதற்கும் பொருந்தும்.

பத்து ஆண்டு மறைந்திருந்த ஓட்டை

பூட்டு நல்ல பூட்டு என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? அதுவும் கூடாது.

2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு திடுக்கிடும் செய்தியை வெளியிட்டது. சூடூவிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது! அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சாதாரண ஆளும், எந்த அனுமதியும் இல்லாமலே, அதன் வழியாக ரூட் ஆகிவிடலாம்!

அந்த ஓட்டை எப்போது விழுந்தது தெரியுமா? 2011 ஜூலையில். ஏறக்குறைய 10 ஆண்டு யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்தது.

உடனே திருத்திய பதிப்பு வந்தது. புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். "பழசே போதும்" என்று விட்டுவிட்ட இயந்திரங்களில் ஓட்டை அப்படியே இருக்கும்.

எனவே சூடூ உட்பட எல்லாவற்றையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கொடுத்த அனுமதி இன்னமும் தேவையா என்றும் பார்க்க வேண்டும். சோதனை முடிந்து வருஷக் கணக்கான பிறகும் அனுமதி மட்டும் கிடந்தால், அது குடி போன வீட்டின் சாவி பழைய குடித்தனக்காரரிடம் கிடப்பது போல.

சோதனையே எமன் ஆகலாம்

இன்னொரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க்கை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். ஒன்று, படித்து மட்டும் பார்ப்பது. மற்றொன்று, எழுதிப் பார்ப்பது.

எழுதிப் பார்க்கும் சோதனை, டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் அழித்துவிடக் கூடும்! காலி டிஸ்க்குக்கு அது சரி. பிள்ளைகளின் மதிப்பெண் இருக்கும் டிஸ்க்குக்கு?

சாதாரண ஆளாக இருந்தால் லினக்ஸ் தடுத்துவிடும். ரூட்டாக இருந்தால் பெரும்பாலும் தடுக்காது. முதலாளியே சொல்கிறார், அவருக்குத் தெரியாதா என்று செய்துவிடும். அளந்து கொடுக்கும் அதிகாரத்தின் அருமை இங்கேதான் விளங்கும். அந்தச் சிறு சீட்டில் படிக்கும் சோதனை மட்டும் இருந்தால், எவர் கை தவறினாலும் டிஸ்க் பிழைத்துக்கொள்ளும்.

வேறு சில ஜாக்கிரதைகளும் வேண்டும்.

சோதனைக்கு நேர எல்லை வைக்க வேண்டும். விடியும் வரை ஓடிக்கொண்டே இருக்க விடக் கூடாது. சூட்டுக்கும் எல்லை வைக்க வேண்டும். குறித்த டிகிரியைத் தாண்டினால் சீட்டு தானாகவே சோதனையை நிறுத்த வேண்டும்.

முதல் தடவை ஓட்டும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். முக்கியமான கணக்குகளுக்கு முன்கூட்டியே பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

விடை எல்லாவற்றையும் தேதியோடு ஓர் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். சென்ற மாதம் 78 டிகிரி. இந்த மாதம் 91 டிகிரி என்றால் என்ன அர்த்தம்? விசிறியைத் துடைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தூரிகையும் பத்து நிமிஷமும் போதும். கம்ப்யூட்டருக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள்!

திருச்சியில் ஒரு ராட்சதன்

சேலம் சமவெளியில் இருந்து சில மணி நேரப் பயணத்தில் திருச்சி. அங்கே தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் "பரம் பொருள்" என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2022 மே 25-ந் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டது.

அதன் வேகம் 838 டெராபிளாப். சாதாரணமாகச் சொன்னால், ஒரு வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு! இத்தனை வேகமாக ஓடினால் சூடு எப்படி இருக்கும்? எனவே திரவத்தை ஓட விட்டு அதைக் குளிர வைக்கிறார்கள்.

இத்தகைய ராட்சதக் கம்ப்யூட்டர்களின் வேகத்தை அளக்க உலகம் முழுவதும் "லின்பேக்" என்ற கணக்குப் பரீட்சை வைக்கிறார்கள். ஜாக் டோங்காரா என்ற அமெரிக்க நிபுணரின் பெயரோடு சேர்ந்தது இது. 1993 முதல் உலகின் முதல் 500 கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்துவது இந்தப் பரீட்சைதான். கடுமையான கணக்கு என்பதால் பாரச் சோதனையாகவும் பயன்படுகிறது. எங்கே பலவீனம் இருந்தாலும் வெளியே வந்துவிடும்.

2017 நவம்பர் முதல் அந்த 500 கம்ப்யூட்டர்களும் லினக்சில்தான் ஓடுகின்றன. ஒன்று கூட விலக்கு இல்லை!

அங்கேயும் ரூட் உண்டு. அங்கேயும் சாதாரண ஆள் உண்டு. கணக்குப் போட வரும் விஞ்ஞானி எவ்வளவு பெரியவரானாலும் அவர் அங்கே சாதாரண ஆள்தான். அவர் பேரில் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. அவர் வேலைக்கு அந்தச் சாவி தேவை இல்லை, அவ்வளவுதான்.

838 லட்சம் கோடி கணக்குப் போடும் இயந்திரத்துக்கும், பள்ளிக்கூடத்து மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்.

வீட்டிலும் செய்யலாம்

வீட்டில் பழைய மடிக்கணினி இருக்கிறதா? அடிக்கடி சூடாகி நின்றுபோகிறதா? தூக்கி எறிவதற்கு முன் அதைச் சோதித்துப் பாருங்கள்.

பாரம் ஏற்றும் சோதனைக்கு ரூட் தேவையே இல்லை. சாதாரண ஆளாகவே பத்து நிமிஷம் ஓட்டலாம். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம். கம்ப்யூட்டரை மேஜை மேல் வையுங்கள். மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும்.

சோதனையைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஊரில் நான்கு பேர் இருந்தால், பள்ளிக்கூடத்து இயந்திரங்களும் நூலகத்து இயந்திரங்களும் பிழைத்துக்கொள்ளும். நிபுணர் டவுனில் இருந்து வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

யாராவது உங்களிடம் வந்து, "கம்ப்யூட்டரைச் சோதிக்க வேண்டும், ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். "எந்தக் கட்டளைக்கு வேண்டும்?" என்று கேளுங்கள்.

வேலை தெரிந்தவர் பதில் சொல்வார். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அனுமதி எழுதிக் கொடுங்கள். பதில் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.